ஓஎன்டி வேறு, ரௌட்டர் வேறு: ஃபைபர் வீட்டில் ரௌட்டர் மாற்ற நினைப்பவர்களுக்கு

டர்பனில் ஃபைபர் போட்ட எந்த வீட்டில் கேட்டாலும் குறை ஒன்றுதான்: "லைன் நல்ல லைன்தான், ஆனா பின்னாடி ரூம்ல வைஃபை வரமாட்டேங்குது." அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும். கம்பெனி கொடுத்த ரௌட்டரைக் கழற்றிவிட்டு நாமே நல்லதாக ஒன்று வாங்கி மாட்டலாமா? மாட்டலாம். தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலான வீட்டு ஃபைபர் லைன்களில் இதற்குத் தடை இல்லை, ஆளைக் கூப்பிட வேண்டிய வேலையும் இல்லை. ஆனால் எதைக் கழற்றலாம், எதில் கைவைக்கக் கூடாது, புது ரௌட்டருக்குள் என்ன நிரப்ப வேண்டும் என்பது தெரியாமல் கடைக்குப் போனால், வாங்கிய ரௌட்டர் பெட்டியோடு அலமாரிக்குப் போய்விடும்.

முதலில் கம்பி யாருடையது, பில் யாருக்குப் போகிறது என்பதைப் பிரித்துக்கொள்வோம். இந்த ஊரில் இது இரண்டு கம்பெனி. தெருவில் குழி தோண்டியோ கம்பத்தில் இழுத்தோ வீட்டுச் சுவர் வரை ஃபைபரைக் கொண்டுவருவது ஒன்று: ஓப்பன்சர்வ், வூமாடெல், ஃப்ராக்ஃபுட், மெட்ரோஃபைபர், கேப்டவுன் பக்கம் ஆக்டோடெல். மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு அந்தக் கம்பியில் இணையத்தை அனுப்புவது இன்னொன்று: அஃப்ரிஹோஸ்ட், வெப்ஆப்ரிக்கா, ஆக்சஸ், கூல் ஐடியாஸ் என்று வரிசையாக இருக்கிறார்கள். முதலாவதை லைன் கம்பெனி என்றும் இரண்டாவதை இணைய கம்பெனி என்றும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன். உங்கள் தெருவில் லைன் கம்பெனி ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பாதுகாப்பு வேலி போட்ட குடியிருப்பு என்றால் நிர்வாகக் குழு தேர்ந்தெடுத்த ஒன்றே ஒன்று. ஆனால் அதே கம்பியில் எந்த இணைய கம்பெனியிடம் வாங்குவது என்பது பெரும்பாலும் உங்கள் விருப்பம்.

சென்னையிலிருந்து வேலைக்காக இங்கே வந்தவர்களுக்கு இது கொஞ்சம் குழப்பும். அங்கே ஏர்டெல், ஜியோ என்றால் கம்பியும் இணையமும் அவர்களுடையதே. ஆள் வந்து மாட்டிவிட்டுப் போகும் ஒரே பெட்டிக்குள் எல்லாம் அடக்கம். இங்கே லைன் ஒருவருடையது, சேவை வேறொருவருடையது என்பதால், வீட்டுக்குள் வரும் பெட்டியும் வழக்கமாக இரண்டாகப் பிரிந்தே இருக்கிறது. ரௌட்டர் மாற்றுவது இங்கே சுலபமாக இருப்பதற்குக் காரணமே அந்தப் பிரிவுதான்.

இப்போது எழுந்து போய்ச் சுவரைப் பாருங்கள். வெளியிலிருந்து வரும் ஃபைபர் சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியில் முடியும். அதிலிருந்து நூல் போல மெல்லிய ஒரு வயர் கிளம்பி, நுனியில் பச்சை நிறத்துச் சதுர பிளக்கோடு இன்னொரு பெட்டிக்குள் போகும். அந்தப் பெட்டிதான் ஓஎன்டி. ஒளியாக வருவதை மின்சாரக் குறிப்பாக மாற்றித் தருவது மட்டும்தான் அதன் வேலை. அதன் முகத்தில் பவர், பான், லாஸ், லேன் என்று நாலைந்து விளக்குகள். பான் விளக்கு அசையாமல் பச்சையாக எரிந்தால் லைன் உயிரோடு இருக்கிறது. லாஸ் சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள். அப்போது உலகத்தில் எந்த ரௌட்டரை மாட்டினாலும் பயன் இல்லை. இணைய கம்பெனிக்கு போன் போடுவதுதான் வழி. லைன் கம்பெனியிடம் புகார் பதிவது அவர்கள் வேலை.

ஓஎன்டி லைன் கம்பெனியின் சொத்து. அதை நாம் மாற்றுவதில்லை, நினைத்தாலும் முடியாது. பல லைன்களில் தெருவில் வரும் ஒரு ஃபைபர் இழை, மின்சாரமே தேவைப்படாத ஒரு பிரிப்பானில் 32 அல்லது 64 வீடுகள் வரை பிரிகிறது. ஜிபான் என்று பெயர் பெற்ற இந்த முறையில் ஒரு இழைக்குக் கீழ்நோக்கி நொடிக்கு சுமார் 2.5 கிகாபிட், மேல்நோக்கி சுமார் 1.25 கிகாபிட். அதைத்தான் அத்தனை வீடுகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. உங்களுக்கு வரும் ஒளி பக்கத்து வீட்டு ஓஎன்டிக்கும் போகிறது, அவர்களுக்கு வருவது உங்களுக்கும் வருகிறது. எது யாருடையது என்று பிரிப்பதற்காக, லைன் கம்பெனியின் மறுமுனைக் கருவியில் ஒவ்வொரு ஓஎன்டியின் சீரியல் எண்ணும் பதிவாகி இருக்கும். பதிவில்லாத பெட்டியை மாட்டினால் மறுமுனை அதைச் சேர்த்துக்கொள்ளாது.

அந்தப் பச்சை பிளக்கைச் சும்மா பார்க்கலாமே என்று கழற்றவும் வேண்டாம். அதன் கண்ணாடி முனையை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்து வைத்திருப்பார்கள். விரல் பட்டு எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் அதுவே ஒளியைக் குறைக்கும். உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத லேசர் என்பதால் முனைக்கு நேராகக் கண்ணை வைப்பதும் நல்லதல்ல. சோபாவை நகர்த்தும்போது வயர் மடியாமல் பார்த்துக்கொண்டால் போதும். வளையலாம், முறியும்படி மடியக் கூடாது.

ஓஎன்டியிலிருந்து ஒரு சாதாரண நெட்வொர்க் கேபிள் கிளம்பி அடுத்த பெட்டிக்குப் போகிறது அல்லவா, அதுதான் ரௌட்டர். வெளியிலிருந்து கிடைக்கும் ஒற்றை ஐபி முகவரியை வீட்டில் உள்ள போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றுக்கும் பங்கிடுவது, வெளியாள் உள்ளே வராமல் தடுப்பது, வைஃபை தருவது எல்லாம் இதன் பொறுப்பு. இணைய கம்பெனி கூரியரில் அனுப்பியது இதைத்தான். நாம் மாற்றப்போவதும் இதைத்தான். சில வீடுகளில் மட்டும் பச்சை பிளக் நேரே வைஃபை பெட்டிக்குள்ளேயே போகும்; ஓஎன்டியும் ரௌட்டரும் ஒன்றாகச் சேர்ந்த வகை. உங்கள் வீட்டில் அப்படி என்றால் பெட்டியைக் கழற்ற முடியாது. பிரிட்ஜ் மோடில் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். அப்படிப் போட்டால் அது வெறும் ஓஎன்டியாக நடந்துகொள்ளும், பங்கீட்டு வேலையை உங்கள் ரௌட்டர் பார்க்கும்.

சரி, புது ரௌட்டரை ஓஎன்டியில் சொருகினால் இணையம் வந்துவிடுமா? வரலாம், வராமலும் போகலாம். ரௌட்டர் மாற்றுபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். லைனில் வந்து நிற்பது யார் என்று இணைய கம்பெனி தெரிந்துகொள்ள இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று டிஹெச்சிபி, சில கம்பெனிகள் ஐபிஓஈ என்பார்கள். இது பந்தியில் உட்கார்ந்ததும் இலை போடுவது மாதிரி. யார், எவர் என்று கேள்வி இல்லை. ரௌட்டர் "முகவரி கொடு" என்று கேட்கும், லைனிலிருந்து முகவரி வரும், முடிந்தது. இன்னொன்று பிபிபிஓஈ. இதில் டோக்கன் காட்டினால்தான் இலை. இணைய கம்பெனி உங்களுக்கென்று ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் வைத்திருக்கும். யூசர்நேம் பெரும்பாலும் மின்னஞ்சல் முகவரி போலவே, நடுவில் @ குறியோடு இருக்கும். அதை ரௌட்டருக்குள் எழுதினால் மட்டுமே கதவு திறக்கும்.

ஓப்பன்சர்வ் லைன் என்றால் பிபிபிஓஈ என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். வூமாடெல், ஃப்ராக்ஃபுட், மெட்ரோஃபைபர், ஆக்டோடெல் லைன்களில் பொதுவாக டிஹெச்சிபி. ஆனால் இணைய கம்பெனியைப் பொறுத்தும் இது மாறும் என்பதால், கடைக்குப் போகும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது உத்தமம். கேட்க வேண்டியது இவ்வளவுதான்: என் லைன் டிஹெச்சிபியா, பிபிபிஓஈயா? பிபிபிஓஈ என்றால் யூசர்நேம், பாஸ்வேர்ட் என்ன? வி-லேன் எண் (சில லைன்கள் ரௌட்டரில் போடச் சொல்லும் ஓர் அடையாள எண்) ஏதாவது போட வேண்டுமா? இந்த மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். போனில் பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகச் சொல்லி, அதை நாம் தாளில் எழுதி, அப்புறம் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று குழம்புவது யாருக்கு வேண்டும்? பழைய ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்காதீர்கள். அங்கே பாஸ்வேர்ட் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகப் புள்ளிகள்தான் தெரியும்.

பிபிபிஓஈயில் இன்னொரு சின்ன விஷயம். இணையத்தில் தகவல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகிறது; ஒவ்வொரு பொட்டலத்திலும் அது 8 பைட் இடத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். அதனால் எம்டியூ என்ற, ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 1500க்குப் பதில் 1492 ஆக இருக்க வேண்டும். நல்ல ரௌட்டர்கள் இதைத் தாமே போட்டுக்கொள்ளும். எல்லாத் தளமும் திறக்கிறது, ஒன்றிரண்டு மட்டும் பாதியில் தொங்குகிறது என்றால் இந்த எண்ணை ஒருமுறை பாருங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு கேள்வி: ரௌட்டரை மாற்றத்தான் வேண்டுமா? என் அபிப்பிராயத்தில், மாற்றுகிற வீடுகளில் பாதிக்கு மாற்றமே தேவைப்பட்டிருக்காது, இடம் மாற்றியிருந்தாலே போதும். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் 1960களில் மாநகராட்சி கட்டிய வீடுகளைப் பாருங்கள். சுவர் எல்லாம் கல்லும் சிமெண்ட்டும். பின்னால் வாடகைக்கு விட ஒரு அவுட்பில்டிங் வேறு. ஃபைபர் ஆள் வந்தவர் முன்வாசல் ஜன்னலுக்குக் கீழே, தனக்கு எது கிட்டமோ அங்கே ஓட்டை போட்டு ஓஎன்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார். ரௌட்டரும் அதன் பக்கத்திலேயே, டிவிக்குப் பின்னால், தரையோடு தரையாக. அங்கிருந்து நாலு சுவர் தாண்டி அவுட்பில்டிங்குக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை போய்ச் சேர வேண்டுமானால் எந்த விலை ரௌட்டரும் திணறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைக் கொஞ்சம் நன்றாகத் துளைக்கும், ஆனால் வேகம் குறைவு.

ஓஎன்டி இருக்கும் இடத்திலேயே ரௌட்டரும் இருக்க வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை. இரண்டுக்கும் நடுவே போகிற நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை நீளலாம். கேட்5ஈ அல்லது கேட்6 கேபிள் ஒன்றை வாங்கி, சீலிங் மேலாக இழுத்து, ரௌட்டரை வீட்டின் நடுவே அலமாரி மேல் வைத்துப் பாருங்கள். ஓஎன்டியையே வேறு அறைக்கு மாற்றுவது என்றால் லைன் கம்பெனி ஆள் வர வேண்டும், அதற்குத் தனிக் கட்டணமும் கேட்பார்கள். ரௌட்டரை நகர்த்த ஒரு கேபிளும் ஓர் ஏணியும் போதும்.

அப்புறம் ஒரு சோதனை. லேப்டாப்பை வைஃபையில் இல்லாமல் கேபிளில், ரௌட்டரின் லேன் துளையில் (வீட்டுச் சாதனங்களுக்கான துளை) சொருகி வேகத்தை அளந்து பாருங்கள். கேபிளில் வாங்கிய வேகம் முழுதாக வந்தால் லைனில் குற்றம் இல்லை. வைஃபைதான் காரணம், ரௌட்டரை நகர்த்தினாலோ மாற்றினாலோ குணம் தெரியும். கேபிளிலும் பாதிதான் வருகிறது, சாயங்காலம் மட்டும் குறைகிறது என்றால் லைன் பக்கமோ இணைய கம்பெனி பக்கமோதான் ஏதோ சரியில்லை. அப்போது புது ரௌட்டர் வாங்குவது காசைக் கரியாக்குகிற வேலை. 200 எம்பிபிஎஸ் வாங்கியிருக்கிறீர்கள், அளவு எத்தனை முறை பார்த்தாலும் 94 பக்கத்திலேயே நிற்கிறது என்றால் அது வேறு கதை: எங்கோ ஒரு துளை 100 எம்பிபிஎஸ் துளையாக இருக்கிறது, அல்லது கேபிளுக்குள் ஒரு ஜோடிக் கம்பி அறுந்து நான்கு கம்பியில் ஓடுகிறது. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்படியும் 94 என்றால், மலிவு ரௌட்டர்களில் இன்னமும் இருக்கிற அந்த 100 துளைதான். அப்போது மாற்றுவதில் நியாயம் உண்டு.

கடையில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். வெளியிலிருந்து இணையம் உள்ளே வரும், டபிள்யூ.ஏ.என். என்று அச்சிட்ட துளை நெட்வொர்க் கேபிள் நுழைகிற அகலத் துளையாக இருக்க வேண்டும். அது கிகாபிட் துளை என்று பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். டெலிபோன் கம்பி நுழைகிற சின்னத் துளை மட்டும் இருந்தால் அது பழைய ஏடிஎஸ்எல் காலத்து மோடம். பல வீடுகளில் அலமாரியில் தூங்கும் பெட்டி அந்த ரகம்தான். அதைத் தூசி தட்டி ஃபைபருக்கு வைக்கலாமா என்று அண்ணன் தம்பிகள் கேட்பதுண்டு. சிலவற்றில் முடியும், ஆனால் வைஃபை அந்தக் காலத்து வைஃபையாகவே இருக்கும். சிம் போடுகிற எல்டிஈ ரௌட்டரையும் விற்பனையாள் நீட்டுவார். அதில் டபிள்யூ.ஏ.என். துளை இருந்தால் ஃபைபருக்கும் ஆகும், இல்லையென்றால் வேண்டாம்.

வைஃபை 6 என்று பெட்டியில் இருந்தால் இப்போதைக்குத் தாராளம். வைஃபை 5கூடச் சின்ன வீட்டுக்கும் 100 எம்பிபிஎஸ் லைனுக்கும் போதும். பெட்டிமேல் பெரிதாக அடித்திருக்கும் ஆயிரக்கணக்கான எண்களை நம்பாதீர்கள். எல்லா அலைவரிசைகளையும் கூட்டிப் போட்ட கணக்கு அது, ஒரு போனுக்கு அவ்வளவு வராது. ஆன்டெனா எண்ணிக்கைக்கும் மயங்க வேண்டாம். பெரிய வீடு, மாடி, அவுட்பில்டிங் எல்லாம் உண்டு என்றால் ஒரு விலை உயர்ந்த ரௌட்டரை விட, நடுத்தர விலையில் இரண்டு மூன்று பெட்டிகளாக வந்து, வீடு முழுக்க ஒரே வைஃபையாகப் பரப்பும் மெஷ் செட் நல்லது. பெட்டிகளுக்கு நடுவே கேபிள் இழுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

ஊரிலிருந்து வரும் மாமாவிடம் சொல்லி சென்னையில் வாங்கிவரச் சொல்லலாமா என்றால், அது ரௌட்டர் மட்டும் இருக்கிற பெட்டியாக இருந்தால் ஓடும். ஆனால் வாரண்டி அங்கேயே நின்றுவிடும். இந்த நாட்டில் விற்கும் ரேடியோக் கருவிகளுக்கு இக்காசா என்ற கட்டுப்பாட்டு ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும், ஊரிலிருந்து வரும் பெட்டியில் அது இருக்காது. ஏர்டெல், ஜியோ கொடுத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதோ சுத்த வீண்.

மாற்றும் வேலையைப் பகலில் வையுங்கள். சாயங்காலம் எல்லோரும் டிவியும் பாடமுமாக இருக்கும் நேரத்தில் ஆரம்பித்தால், பத்து நிமிஷ வேலையும் வீட்டில் பஞ்சாயத்தாகிவிடும். முதலில் பழைய ரௌட்டரின் பின்பக்கத்தை எந்தக் கேபிள் எங்கே இருக்கிறது என்று தெரியும்படி போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் டெலிபோன் சொருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். தாத்தா பாட்டி இருக்கும் வீடுகளில் அந்த லேண்ட்லைன் நம்பர் இப்போது ரௌட்டர் வழியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கலாம். டெலிபோன் துளை இல்லாத புது ரௌட்டரை மாட்டினால் இணையம் வரும், போன் செத்துப்போகும். அந்த நம்பர் வேண்டும் என்றால், என்ன செய்யலாம் என்று இணைய கம்பெனியிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

பழைய ரௌட்டரை அணைத்து, ஓஎன்டியிலிருந்து வரும் கேபிளை அதிலிருந்து உருவி, புது ரௌட்டரின் டபிள்யூ.ஏ.என். துளையில் சொருகுங்கள். பக்கத்திலேயே அதே வடிவத்தில் நாலு லேன் துளைகள் இருக்கும். அதில் சொருகினால் ஒன்றும் நடக்காது. நிறம் மாற்றித்தான் கொடுத்திருப்பார்கள், இருட்டில் டிவிக்குப் பின்னால் குனிந்து பார்க்கும்போது எல்லாம் ஒரே நிறம்தான். அப்புறம் போனிலோ லேப்டாப்பிலோ ரௌட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் அதன் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. இணைப்பு வகை என்ற இடத்தில் டைனமிக் ஐபி என்பது டிஹெச்சிபி. பிபிபிஓஈ அதே பெயரில் இருக்கும். பிபிபிஓஈயைத் தொட்டதும் இரண்டு கட்டங்கள் திறக்கும். யூசர்நேமை @க்குப் பின்னால் உள்ளதையும் சேர்த்து முழுதாக எழுதுங்கள். மின்னஞ்சலிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கடைசியில் ஓர் இடைவெளி தொற்றிக்கொண்டு வரும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கதவைத் திறக்க விடாது.

டிஹெச்சிபி லைனில் எல்லாம் சரியாக இருந்தும் முகவரி வராமல் 0.0.0.0 என்றே காட்டினால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு ரௌட்டருக்கும் மேக் முகவரி என்று ஓர் அடையாள எண் உண்டு. சில லைன்களில் மறுமுனை பழைய ரௌட்டரின் எண்ணையே கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்கும், புதியதைக் கண்டுகொள்ளாது. ஓஎன்டி, ரௌட்டர் இரண்டையும் அணைத்துவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். முதலில் ஓஎன்டியைப் போட்டு, பான் விளக்கு நின்று எரிந்த பிறகு ரௌட்டரைப் போடுங்கள். அப்படியும் வராவிட்டால் ரௌட்டரில் மேக் குளோன் என்ற வசதி இருக்கும். பழைய ரௌட்டரின் அடியில் உள்ள எண்ணை அதில் எழுதலாம். அல்லது இணைய கம்பெனிக்கு போன் போட்டுப் பழைய பதிவை நீக்கச் சொல்லலாம்.

வைஃபைக்குப் புதுப் பெயர் யோசித்து நேரத்தை வீணாக்காதீர்கள். பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்து பிசகாமல் அப்படியே கொடுங்கள். டிவி, பிரிண்டர், கேட் மோட்டார், கேமரா எல்லாம் ரௌட்டர் மாறியதே தெரியாமல் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். புதுப் பெயர் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் நீங்கள்தான் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பழைய பாஸ்வேர்ட் தெருவுக்கே தெரிந்துவிட்டது என்றால் மட்டும் மாற்றுங்கள்.

ரௌட்டருக்குள் நுழைகிற நிர்வாக பாஸ்வேர்டை மட்டும் அன்றைக்கே மாற்றியாக வேண்டும். வைஃபை பாஸ்வேர்ட் வேறு, இது வேறு. கம்பெனி ரௌட்டர் இருந்தவரை ஃபர்ம்வேரை, அதாவது ரௌட்டருக்குள் ஓடும் மென்பொருளை, புதுப்பிப்பதை அவர்கள் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். இனி அது உங்கள் தலையில். அமைப்புப் பக்கத்தில் தானாகப் புதுப்பி என்பதை இயக்கிவிடுங்கள், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைத்து வையுங்கள். 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேருக்கு ஒரே நேரத்தில் இணைப்பு போனது, அந்த ரௌட்டர்களின் தூரநிர்வாக வாசலை நோக்கி நடந்த தாக்குதலால்தான். கம்பெனி பார்த்துக்கொண்டாலும் ஆபத்து உண்டு, நாம் பார்க்காமல் விட்டாலும் ஆபத்து உண்டு.

சிலர் கம்பெனி ரௌட்டரைக் கழற்றாமல், அதன் லேன் துளையிலிருந்து ஒரு கேபிள் எடுத்துப் புது ரௌட்டரின் டபிள்யூ.ஏ.என். துளையில் சொருகிவிடுவார்கள். இணையம் வரும். ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பங்கீட்டாளர்கள். முன்னறை வைஃபையில் இருக்கும் பிரிண்டர் பின்னறை லேப்டாப்புக்குத் தெரியாது, பிள்ளைகளின் விளையாட்டு இணைப்பு மறுக்கலாம், வெளியிலிருந்து கேமராவைப் பார்க்க முடியாமல் போகலாம். புதுப் பெட்டியை ஆக்சஸ் பாயின்ட் மோடில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீரும். அது பங்கிடுவதை விட்டுவிட்டு வைஃபை மட்டும் தரும். பழைய ரௌட்டர் உங்கள் சொந்தம் என்றால் அதையே இப்படி அவுட்பில்டிங்குக்கு அனுப்பலாம்.

கேமராவுக்கு வெளியிலிருந்து வழி திறக்க நினைப்பவர்கள் ரௌட்டரில் டபிள்யூ.ஏ.என். ஐபி என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால், இணைய கம்பெனியே பல வீடுகளை ஒரு பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. எந்த ரௌட்டர் வாங்கினாலும் அந்த முகவரியில் வழி திறக்காது, பொது ஐபி தருவார்களா என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட் ஷெட்டிங்கை மறந்து இந்த ஊரில் எதையும் எழுத முடியாது. 2023 அளவுக்கு இப்போது இல்லை என்றாலும் மின்சாரம் போகும் பழக்கம் முற்றிலும் போய்விடவில்லை. தெருவில் இருக்கும் பிரிப்பானுக்கு மின்சாரம் வேண்டாம் என்று முன்னே சொன்னேன். அதனால் மறுமுனை நிலையத்தில் பேட்டரி தாங்கும்வரை, வீட்டில் ஓஎன்டியும் ரௌட்டரும் எரிந்தாலே இணையம் ஓடும். இரண்டும் எரிய வேண்டும்; ரௌட்டருக்கு மட்டும் பேட்டரி கொடுத்தால் வைஃபை இருக்கும், இணையம் இருக்காது. இதற்கென்றே விற்கும் சின்ன டிசி யுபிஎஸ் போதும். வாங்கும் முன் இரண்டு அடாப்டர்களின் அடியிலும் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். ஓஎன்டி பெரும்பாலும் 12 வோல்ட், ரௌட்டர் 12 ஆகவும் இருக்கலாம், 9 ஆகவும் இருக்கலாம். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர், பெட்டி கேட்பதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. புது ரௌட்டர் வந்ததும் பழைய அடாப்டர் துளைக்குள் நன்றாகவே நுழைகிறதே என்று அதையே சொருகிவிடாதீர்கள். நுழைகிற அளவு ஒன்றாக இருந்தும் வோல்ட் வேறாக இருப்பது சகஜம்.

கழற்றிய கம்பெனி ரௌட்டரைத் தூக்கிப் போட வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். இலவசம் என்று சொல்லிக் கொடுத்தது பல நேரம் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ள மட்டும்தான். லைனை நிறுத்தும்போது திருப்பிக் கேட்பார்கள், இல்லையென்றால் விலை போடுவார்கள். ரௌட்டர், அடாப்டர், கேபிள் எல்லாவற்றையும் அதே பெட்டியில் போட்டு, சீரியல் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். லைனில் கோளாறு என்று போன் போடும்போதும் அது உதவும். "உங்கள் சொந்த ரௌட்டரா, அப்படியென்றால் அதுதான் காரணம்" என்று பேச்சை முடிக்கப் பார்க்கும் உதவி மையங்கள் உண்டு. பழையதை மாட்டிக் காட்டி, அதிலும் வரவில்லை என்று சொன்னால் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள்.

பின்னால் ஒரு நாள் இணைய கம்பெனியை மாற்றினாலும், அதே லைன் என்றால் சுவரில் உள்ள ஓஎன்டி அப்படியே இருக்கும், உங்கள் ரௌட்டரும் அப்படியே இருக்கும். பிபிபிஓஈ லைனில் அந்த இரண்டு கட்டங்களில் புது யூசர்நேமும் பாஸ்வேர்டும் எழுத வேண்டியிருக்கும். டிஹெச்சிபி லைனில் மாற்றம் நடக்கும் நாளன்று ரௌட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டாலே பெரும்பாலும் போதும்.